வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிறகு

உடப்புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போகிறதென்றால் லயமே கொண்டாடும். அந்தப் பிள்ளைக்குப் பார்வை இல்லை, காது கேட்காது, அல்லது சக்கர நாற்காலி வேண்டும் என்றால் கொண்டாட்டத்தோடு ஒரு கேள்வியும் வரும்: "அங்க போய் எப்படிப் படிக்கும்?" கேள்வி நியாயமானது. ஆனால் அதைப் பெற்றோரிடம் கேட்பதில் பயனில்லை. பதில் சொல்ல வேண்டியது பல்கலைக்கழகம்.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அங்கவீனத்தைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிறது. பொதுமக்கள் நுழையும் எந்தக் கட்டடத்துக்கும் அங்கவீனமுற்றோருக்குத் தடை இருக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகள், பழைய கட்டடங்களைத் திருத்த மூன்று ஆண்டு அவகாசம் கொடுத்தன. அவகாசம் முடிந்தும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. 1992இல் ஓடும் காரின் மேல் மரம் விழுந்து நடக்க முடியாமற் போனவர் கலாநிதி அஜித் பெரேரா. இரசாயனவியலாளர், கிரிக்கெட் நடுவர். இந்த நிலையை எதிர்த்து அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இனிக் கட்டப்படும் பொதுக் கட்டடங்கள் இந்த விதிகளை மீறாதபடி வரைபடத்தை அங்கீகரிக்கும் அதிகாரிகளே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2011 ஏப்ரலில் நீதிமன்றம் கட்டளையிட்டது. ஆகவே அதற்குப் பிறகு எழுந்த விரிவுரை மண்டபத்தில் சாய்தளம் இல்லையென்றால் "பழைய கட்டடம், என்ன செய்வது" என்ற பேச்சுக்கு இடமில்லை.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. உயர்கல்வியிலும் தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்கிறது அதன் 24ஆம் உறுப்புரை. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நம் நீதிமன்றத்தில் நிற்க முடியாது. 1996ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அரசியலமைப்பில் சமத்துவம் பற்றிய 12ஆம் உறுப்புரையையும் சேர்த்தே பிடிக்க வேண்டும்.

சாய்தளம் இல்லாதது எல்லார் கண்ணிலும் படும். விரிவுரைக் குறிப்பில் இருக்கும் தடை யார் கண்ணிலும் படாது. பார்வையற்ற மாணவர்கள் கணினியில் பயன்படுத்தும் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருள் இலவசம். 2006இல் அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் இருவர் தொடங்கியது. தமிழும் வாசிக்கும். குரல் இயந்திரக் குரல்தான், ஆனால் பழகிய காது நாம் கண்ணால் வாசிப்பதைவிட வேகமாகக் கேட்கும். பழைய மடிக்கணினி ஒன்றும் ஒரு காதொலிப்பானும் போதும். இவ்வளவு இருந்தும் குறிப்பைத் திறந்தால் உளறல்தான் கேட்கிறது. காரணம் பாமினி. அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். 'தமிழ்' என்ற சொல் கணினிக்குள் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் கிடக்கிறது; திரைவாசிப்பான் பாவம், இருப்பதைத்தான் வாசிக்கும். யூனிகோடில் தட்டச்சு செய்தால் இந்தத் தொல்லை இல்லை. பழைய கோப்புகளை மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு விரிவுரையாளரின் அரைமணி நேர வேலை இது. இதற்கு நிதி ஒதுக்கீடு வேண்டுமென்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புத்தகத்தை ஸ்கேன் செய்து தர நூலகம் பதிப்புரிமையைக் காட்டித் தயங்கினால், மராக்கேஷ் உடன்படிக்கையை நினைவூட்டலாம். இலங்கை 2016இல் அதில் சேர்ந்தது. பின்னர் புலமைச் சொத்துச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. அச்சு நூலைப் பார்வையற்றோர் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றுவது திருட்டல்ல.

அடுத்தது, படிக்க ஓர் இடம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், அடுத்த வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தத்துக்கு நடுவே, காதால் படிக்கும் பிள்ளை என்ன படிக்கும்? விடுமுறையில் சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறுவது சக்கர நாற்காலிக்கு நடக்கிற காரியமா? ஊருக்குப் போய்வருவதும் சுலபமல்ல: நானுஓயாவிலிருந்து றாகலைக்கு ஓடிய சின்ன ரயில் நின்று முக்கால் நூற்றாண்டாகிறது. பஸ் படிக்கட்டோ இடுப்பளவு உயரம். ஆகவே விடுதியை முதலாம், இறுதி ஆண்டுக்கு மட்டுமல்லாமல் எல்லா ஆண்டுக்கும், விடுமுறைக் காலத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள். நூலகத்தில் வெறும் மேசை போதாது: ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டக்கூடிய தனியறை, கீழ்த்தளத்தில், மின்செருகியுடன். மாடியில் நடக்கும் விரிவுரையைக் கீழே மாற்றுவதற்கு நேர அட்டவணையைத் திருத்தினால் போதும். காது கேளாதவர்களுக்குப் பேச்சை எழுத்தாக்கும் கைபேசிச் செயலிகள் தமிழிலும் உண்டு. மலையகப் பேச்சில் தடுமாறும், அதனால் குறிப்பெடுத்துத் தர ஒரு மாணவரையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பலரும் சறுக்கும் இடம் ஒன்றிருக்கிறது. பதிவின்போது இயலாமையைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, நண்பர்களின் தயவில் ஓட்டுவது. நல்ல நண்பர்களுக்கும் பரீட்சை வரும். உயர்தரத்தில் பரீட்சைத் திணைக்களம் தந்த எழுத்துதவியாளரும் மேலதிக நேரமும் பல்கலைக்கழகப் பரீட்சைக்குத் தாமாகக் கூட வரா. மருத்துவச் சான்றிதழுடன் மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும், அதுவும் பரீட்சைக்குப் பல வாரம் முன்பே. உயர்தரம் எழுதப் போகிறவர்கள் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலில் மாற்றுத்திறனாளிகளுக்கான விசேட ஏற்பாட்டையும் வாசித்துவிடுங்கள்.

கேட்பதை எழுத்தில் கேளுங்கள். பதிவாளருக்கு ஒரு கடிதம், பீடாதிபதிக்கும் மாணவர் ஆலோசகருக்கும் பிரதி, பதிவுத் தபாலில், தமிழிலேயே. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?" என்று கேட்டால், தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கேட்ட ஏற்பாட்டைப் பல்கலைக்கழகம் மறுத்தால் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். அடிப்படை உரிமை மீறல் என்றால் உயர் நீதிமன்றம். அங்கே கெடு ஒரே ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கெடுவில் சேராது. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பிள்ளை படித்த பாடசாலையின் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அனுமதிக் கடிதம் வந்த வாரமே அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பதிவாளருக்கான முதல் கடிதத்தை எழுதி முடித்துவிடுங்கள்.