ஆதி ஒளியைத் திருப்பியது எது?

கொல்லிமலை அடிவாரத்திலுள்ள புளியஞ்சோலைக்குச் சுற்றுலா செல்லும்போது ஒரு போலராய்டு கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். ஓடை நீரில் வெயில் பளபளக்கையில் அடியிலுள்ள கூழாங்கற்கள் தெரிவதில்லை. சாய்வாக நோக்கி, கண்ணாடி வழியே பாருங்கள். பளபளப்புக் குறைந்து கற்கள் தெரியும். கண்ணாடியைக் கால் வட்டம் சுழற்றினால் பளபளப்பு மீண்டும் தோன்றும். இதற்குக் காரணம் யாது?

ஒளி ஓர் அலை. சூரிய ஒளியில் அதிர்வுகள் பல திசைகளிலும் நிகழ்கின்றன. நீரில் பட்டுத் திரும்பும் ஒளியிலோ கிடைத்திசை அதிர்வுகளே மிகுதி. அதிர்வு ஒரே தளத்தில் அமைந்த ஒளியைத் தளவிளைவுற்ற ஒளி என்பர். அதைச் சர்க்கரைக் கரைசலில் செலுத்தினால் அதன் தளம் சற்றுத் திரும்பும். அக்கோணத்தை அளந்தே ஆலைகளில் கரும்புச் சாற்றின் சர்க்கரையைக் கணிக்கின்றனர். கண்ணுக்குத் தெரியாத பொருளை, ஒளி திரும்பிய கோணம் காட்டிக்கொடுக்கிறது!

அண்டத்திலும் இந்த உத்தி பயன்படுகிறது. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின் புறப்பட்ட ஒளி, ஏறத்தாழ 1380 கோடி ஆண்டுகள் பயணம் செய்து, இன்று நுண்ணலைகளாக நம்மை அடைகிறது. அதில் ஒரு சிறு பகுதி தளவிளைவுற்றது. 1978-இல் வைன்பெர்க், வில்செக் ஆகியோர் ஆக்சியான் என்னும் துகளைப் பற்றிக் கூறினர். அதைப் போன்ற, மிக மிக இலேசான துகள்கள் அண்டமெங்கும் பரவியிருந்தால், ஆதி ஒளியின் தளம் வழியில் மெல்லத் திரும்பக்கூடும்.

புறப்பட்டபோது தளம் எப்படி இருந்ததென்று அறிவது எவ்வாறு? ஆதி ஒளியின் வெப்பமிகுந்த புள்ளிகளைச் சுற்றி அதிர்வுத் திசைகள் சராசரியாகச் சக்கரத்தின் ஆரங்களைப் போலவோ விளிம்பைப் போலவோ அமையும். அவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஒளி திரும்பியுள்ளது என்று பொருள்.

ஆனால் ஒரு சிக்கல். கருவியைச் சிறிது கோணலாகப் பொருத்தியிருந்தாலும் இதே சாய்வு தோன்றும்! 2020-இல் மினாமி, கோமட்சு என்னும் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டனர். நமது பால்வழி மண்டலத்தின் தூசியும் தளவிளைவுற்ற நுண்ணலைகளை வீசுகிறது. அவை அருகிலிருந்து வருவதால் வழியில் திரும்ப வாய்ப்பில்லை. தூசியின் அலைகளும் ஆதி ஒளியும் ஒரே அளவு சாய்ந்திருந்தால் கோணல் கருவியுடையது. ஆதி ஒளியில் எஞ்சும் சாய்வு வானத்துடையது.

பிளாங்க் விண்கலத்தின் பதிவுகளில் அவ்வாறு எஞ்சியது 0.35 பாகை. கடிகாரத்தின் நிமிட முள் மூன்றரை வினாடியில் நகரும் கோணம் அது. அளவீட்டின் பிழை 0.14 பாகை. கண்டுபிடிப்பு என ஏற்க, அளவு பிழையைப்போல் ஐந்து மடங்கு இருத்தல் வேண்டும். இது இரண்டரை மடங்கே. 2025-இல் சிலி நாட்டின் அடகாமா தொலைநோக்கி தந்த கோணம் சுமார் 0.2 பாகை. தூசியின் அலைகளுக்கே இயற்கையில் சிறு சாய்வு உண்டோ என்பதையும் ஆராய்ந்து வருகின்றனர். ஐயம் நீங்கி இக்கோணம் உறுதிப்படுமானால், எந்த ஆய்வுக்கூடத்திலும் இதுவரை சிக்காத ஒரு துகளின் முதல் தடயமாக அது அமையலாம்.