வித்தை கையில், வியப்பு சபையில்

சங்கத்து ஆண்டுவிழா நிகழ்ச்சி நிரலில் பாட்டும் பரதமும் ஓரங்க நாடகமும் தவறாமல் இடம்பெறும். அவற்றினிடையே சில ஆண்டுகளில் ஒரு 10 நிமிஷம் ஜாலவித்தைக்கும் ஒதுக்கப்படுவதுண்டு. 13, 14 வயதுப் பிள்ளை ஒருவன் கறுப்புக் கோட்டு அணிந்து, சீட்டுக்கட்டும் பட்டுக் கைக்குட்டையுமாக மேடைக்கு வருகிறான். வீட்டில் நிலைக்கண்ணாடியின் முன் நூறு முறை பழகிய வித்தை, கை பிசகுவதில்லை. ஆயினும் மூன்றாவது வித்தை தொடங்குமுன்பே சபையில் பேச்சரவம் எழுகிறது. பின்வரிசையினர் காபி எங்கே என்று விசாரிக்கத் தொடங்குகின்றனர். பிள்ளை வாடிய முகத்துடன் இறங்குகிறான். மறு ஆண்டு அவன் மேடைப் பக்கமே வருவதில்லை. இதற்குக் காரணம் யாது? அவன் வித்தையில் குறையில்லை. கண்ணாடியைப் பார்த்துப் பழகியவன் சபையைப் பார்க்கப் பழகவில்லை, குறை அதுவே.

பாடகர் தனியறையில் பாடினாலும் அது பாட்டுத்தான். ஜாலவித்தை அவ்வாறன்று. உள்ளங்கையில் ஒளிந்த காசு எங்கே இருக்கிறது என்பது வித்தைக்காரனுக்குத் தெரியும். அவனளவில் எதுவும் மறையவில்லை. காசு மறைவதெல்லாம் காண்போர் மனத்தில். ஆகவே கையில் நடப்பது வேலை. மனத்தில் நடப்பதே வித்தை. சபையோரை மறந்த வித்தைக்காரன் தன் கலையில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவனாகிறான்.

இவ்வுண்மையை நூல் கற்காமலே உணர்ந்தவர்கள் நம் நாட்டுத் தெரு வித்தைக்காரர்கள். செப்பு என்னும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றினடியில் உருண்டைகளைத் தோற்றுவித்தும் மறைத்தும் காட்டும் செப்பிடு வித்தையை நம் பாட்டனார் காலத்தவர் நன்கறிவர். வடநாட்டு நகரங்களில் குடியேறிய நம்மவரில் பலர் மதாரியையும் அவனுடைய ஜமூராவையும் கண்டிருக்கக்கூடும். மதாரி டமருவை ஒலித்துக் கூட்டம் சேர்ப்பான். ஜமூரா என்னும் உதவிச் சிறுவன் துணியால் மூடிப் படுத்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் குறும்பாக விடை சொல்லுவான். அந்தப் பேச்சிலே கூட்டம் சிரிக்கும். சிரிக்கச் சிரிக்க வட்டம் நெருங்கும். தெருவுக்குக் கதவுமில்லை, டிக்கெட்டுமில்லை. சலித்தவர் அந்தக் கணமே நடந்துவிடலாம். நிற்பவர் இருந்தால்தான் அன்றைக்கு அடுப்பெரியும் என்ற நிலையிலே பழகிய பேச்சுக்கு ஈடான பயிற்சி வேறெங்குக் கிடைக்கும்?

இத்தகைய ஆசான்களை நாம் போற்றினோமா என்றால், வருத்தமே மிஞ்சுகிறது. டில்லியில் ஷாதிப்பூர் டிப்போவை அடுத்துக் கட்புத்லி காலனி என்ற குடியிருப்பில் வித்தைக்காரர்களும் பொம்மலாட்டக்காரர்களும் பல்லாண்டுகள் வாழ்ந்தனர். 2017-ஆம் ஆண்டில் அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. பிச்சை எடுப்பதைத் தடுக்கும் 1959-ஆம் ஆண்டுப் பம்பாய்ச் சட்டமோ, ஆடிப் பாடியும் வித்தை காட்டியும் பொது இடத்தில் காசு பெறுவதையும் பிச்சை என்றே கணக்கிட்டது. டில்லியில் அதன் முக்கியப் பிரிவுகளை அங்குள்ள உயர்நீதிமன்றம் 2018-இல் செல்லாதனவாக்கிற்று. நம் பிள்ளைகள் கோட்டு அணிந்து காட்டும் வித்தை, தெருவில் நின்றோர் காத்துத் தந்த செல்வம் என்பதை அவர்கள் அறிந்திருத்தல் நலம்.

மேடையை ஆண்டவர்களில் பி. ஸி. சர்க்காரை நினையாதிருக்க முடியாது. 1913-இல் வங்காளத்து டாங்காயில் பகுதியில் பிறந்த அவர், மகாராஜா உடையும் தலைப்பாகையும் புனைந்து ‘இந்திரஜாலம்’ என்ற காட்சியை உலகெங்கும் நடத்தினார். 1956 ஏப்ரலில் லண்டன் பி.பி.ஸி. தொலைக்காட்சியில் ஓர் இளம்பெண்ணைச் சுழல் வாளால் இரண்டாக அறுப்பதுபோல் காட்டினார். அறுத்தபின் அவளை எழுப்ப முயன்றார்; அவள் எழவில்லை. தலையை அசைத்து, அவள் முகத்தைத் துணியால் மூடினார். அத்துடன் நேரம் முடிந்துவிட்டதென நிகழ்ச்சி நடத்துநர் அறிவித்தார். பெண் இறந்தாளோ என்று பதறியவர்களின் தொலைபேசி அழைப்புகள் நிலையத்தில் குவிந்தன. அவளோ நலமாகவே இருந்தாள். வாள் அறுத்தது ஒரு பங்கு என்றால், அவருடைய மௌனமும் முகபாவமும் செய்தவை ஒன்பது பங்கு.

அதே சர்க்கார் சபையைச் சிரிக்க வைப்பதிலும் வல்லவர். ஒரு பாத்திரத்து நீரை முழுதும் கவிழ்த்து வைத்துவிடுவார். வேறு வித்தை முடிந்து திரும்பி வந்து கவிழ்த்தால் மறுபடி நீர் கொட்டும். காட்சி நெடுகிலும் இது தொடரும். ஒரே வித்தையை ஒரே சபையில் மறுபடி செய்யலாகாது என்பது பொதுவிதி. விதியை மீறுவதையே வேடிக்கையாக்கிச் சபையோரை அடுத்த முறைக்குக் காத்திருக்கச் செய்தது அவர் திறமை. மொழி வேறான ஜப்பானியரும் அவரைக் கொண்டாடினர். 1971 ஜனவரியில் அந்நாட்டுப் பயணத்தின்போதே அவர் காலமானார்.

இனி, நம் இளம் வித்தைக்காரர்கள் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறுவோம்.

முதலாவது, பார்வை. வித்தைக்காரன் எங்கே பார்க்கிறானோ, சபையும் அங்கேதான் பார்க்கும். ஒளித்த கையையே அவன் பார்த்துக்கொண்டிருந்தால் இரகசியத்தைத் தானே காட்டிக்கொடுத்தவனாவான். தலைநிமிர்ந்து எதிரே இருப்பவரின் கண்ணை நோக்கிப் பேசினால் அவரும் இவன் முகத்தையே நோக்குவார். டிக்கெட் ஜன்னலில் ஏடுகளைவிட்டுத் தலை நிமிர்த்தும் குமாஸ்தாவிடம் பிரயாணி கோபிப்பதில்லை என்பது எம் போன்ற ரயில்வே ஊழியர்கள் அன்றாடம் காண்பது. மேடைக்கும் அதே நியாயம்.

இரண்டாவது, நிதானம். மேடை ஏறியதும் ஓடிப்போய் மேஜையைத் தொடாமல், நடுவில் நின்று வணங்கி, ஒரு மூச்சு விட்டுப் பிறகு தொடங்குக. செயலாளரின் உயரத்துக்கு நிறுத்திய மைக்கைத் தன் வாய்க்கு நேரே இறக்கித் தரச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். வித்தை முடிந்த கணத்தில் அசையாது நிற்க வேண்டும். அந்த நொடியிலேதான் வியப்பு பிறந்து கைதட்டலாகிறது. உடனே அடுத்த பொருளை எடுக்கப் பாய்பவன், தனக்கு வரும் பாராட்டைத் தானே மறிக்கிறான்.

மூன்றாவதே மிக முக்கியமானது. சபையிலிருந்து மேடைக்கு அழைக்கப்படுபவர் நம் விருந்தாளி. “மாமா, தங்கள் பெயரைச் சொல்லுவீர்களா?” என்று கேட்டு, அப்பெயரால் மரியாதையாக அழைத்து, சபைக்கு அவர் முகம் தெரியும்படி ஒரு பக்கமாக நிறுத்த வேண்டும். அவர் காதில் முட்டை எடுக்கலாம். அவருடைய வழுக்கையையோ பருமனையோ கேலி செய்யலாகாது. மோதிரம் இரவல் வாங்கினால் அதை ஒருபோதும் அவர் கண்ணுக்கு அதிகநேரம் மறைக்கலாகாது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய ஒரு பவுன் அது என்பதை நினைவில் கொள்க. முடிந்தபின் நன்றி கூறி, படிவரை உடன்சென்று, அவருக்காகச் சபையைக் கைதட்டச் சொல்ல வேண்டும். ஒருவரைச் சிறுமைப்படுத்திப் பெறும் சிரிப்பினால் நூறு பேருடைய நம்பிக்கை போய்விடும். அடுத்த வித்தைக்கு எவரும் கை தூக்கார்.

“சட்டைக் கைக்குள்ளே இருக்கிறது!” என்று முன்வரிசைச் சிறுவன் கூவினால் முகம் சுளிக்க வேண்டாம். “தம்பி, நீயே வந்து பார்” என்று அழைத்துச் சட்டைக் கையை மடித்துக் காட்டினால், எதிராளி துணையாளாகிவிடுவான். வித்தை தவறினாலும் பலமுறை மன்னிப்புக் கேளாமல், ஒரு புன்னகையுடன் அடுத்ததற்குச் செல்லுக. என்ன நடக்கப் போகிறதென்று முன்கூட்டிச் சொல்லாதவனுடைய தவறு பலருக்குத் தெரியவே தெரியாது. தெய்வசக்தி, மந்திரசக்தி என்று மட்டும் சொல்லற்க. இது கைத்திறன் என்று கூறுவதால் வியப்புக் குறைவதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். நம் குழந்தைகள் பள்ளியில் ஆங்கிலமும் அவ்வூர் மொழியும் பேசுகிறார்கள். வீட்டில் தமிழில் கேட்ட கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை தருகிறார்கள். “தமிழில் பேசு” என்று நாம் கடிந்துகொள்வதால் அதிகப் பயன் கண்டதாகத் தெரியவில்லை. வித்தைக்கு வேண்டிய பத்து வாக்கியங்களைத் தமிழில் அமைத்துக் கொடுங்கள். வாய் ஒரு கணம் தடுமாறினால் காசு அகப்பட்டுவிடும் என்ற நிலையிலே பிள்ளை அவற்றைத் தெளிவாகச் சொல்லப் பழகுவான். சபை சிரித்துக் கைதட்டும்போது அம்மொழி தனக்கும் உரியது என்று உணர்வான். அண்டை வீட்டு வங்காளியரும் பஞ்சாபியரும் வந்திருந்தால், சைகையும் முகபாவமும் அவர்களுக்குப் பொருள் உரைக்கும்.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் முன் எல்லாம் “மாமாவுக்கு ஒன்று காட்டு” என்று வற்புறுத்தாதீர்கள். இரகசியத்தைச் சொல்லச் சொல்லியும் கேளாதீர்கள். சமையலறையில் அம்மாவும் பாட்டியும் வாரம் ஒருமுறை சபையாக அமர்ந்து, கண்ணில் பட்ட குறையை அன்போடு எடுத்துக் கூறினால் போதும். கண்ணாடி ஒருநாளும் வியப்பதில்லை, சிரிப்பதுமில்லை. நம் பிள்ளைகள் மேடைக்குப் பழக, முதலில் நாம் நல்ல சபையாக இருக்கக் கற்றுக்கொள்வோம்.