ஒரே போர், ஐந்து உலோகம்

ஒரு வட்டமான மெடல். அதில் ஒரு சிங்கம் புலியைக் கீழே சாய்த்து அமுக்கிக்கிட்டு இருக்கு. சிங்கம் பிரிட்டன். புலி யார்னு நமக்குத் தெரியாதா என்ன? திப்பு சுல்தான்! 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்பு சண்டையிலேயே இறந்தார். அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த பதக்கம் இது.

இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்க. சிங்கத்துக்கு மேல் ஒரு கொடி. அதில் அரபி எழுத்தில், 'இறைவனின் சிங்கமே வெல்லும்' என்ற பொருளில் ஒரு வாசகம். இதையேதான் திப்பு தன் ஆயுதங்களில் புலிமுக வடிவில் பொறித்து வைத்திருந்தார். தோற்றவர் வாசகத்தையே ஜெயித்தவர் எடுத்துக்கிட்டார்!

மெக்கானிக்கல் நண்பர்களே, இது உங்களுக்கு. பதக்கத்துக்கு 'டை' செதுக்கியவர் குக்லர். அடித்த இடம், பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ நாணயச் சாலை. ஆமாம், ஜேம்ஸ் வாட்டின் பார்ட்னர் அதே போல்டன்தான். நாணய பிரஸ்ஸை நீராவியில் ஓட்டியவர். கல்கத்தாவிலும் கொஞ்சம் அடித்தார்கள்.

டிசைன் எல்லாருக்கும் ஒன்றுதான். உலோகம்தான் வேற:

- ஜெனரல்களுக்குத் தங்கம்
- மேஜர், கர்னல் போன்றோருக்குத் தங்க முலாம் பூசிய வெள்ளி
- கீழ்நிலை அதிகாரிகளுக்கு வெள்ளி
- ஹவில்தார் போன்றோருக்கு வெண்கலம்
- சாதாரண வீரர்களுக்கும் சிப்பாய்களுக்கும் வெள்ளீயம்

வெள்ளீயம் மென்மையானது, 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். சுவரேறியவனுக்குக் கிடைத்தது அதுதான். கொடுக்கும்போது விளிம்பில் வாங்குபவர் பெயரும் பொறிக்கலை.

இதில் நம்ம ஊர் எங்கே வருதுன்னு கேட்கறீங்களா? ஜெனரல் ஹாரிஸின் படை திரண்டு கிளம்பியதே வேலூரில் இருந்துதான். மதராஸ் படையின் சிப்பாய்கள் ஏராளமான பேர் அதில் போனார்கள். ஜெயித்த பிறகு திப்புவின் மகன்களைக் கம்பெனி அடைத்து வைத்ததும் அதே வேலூர்க் கோட்டையில்.

இப்போ தேதிகளைக் கவனிங்க. போர் 1799-ல். சோஹோ பதக்கங்கள் சிப்பாய்க்கு வந்து சேர்ந்தது 1808-ல். நடுவில், 1806 ஜூலை 10 அன்று, வேலூரில் மதராஸ் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து கோட்டையில் திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். அந்தக் கிளர்ச்சியை அன்றே ரத்தத்தில் அடக்கினார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, அதே மதராஸ் படைக்குத்தான் சிங்கம் புலியை அமுக்கும் வெள்ளீய வில்லை வந்தது. மியூசியத்தில் எங்காவது இதைப் பார்த்தால், முதலில் எந்த உலோகம்னு பாருங்க. யார் கழுத்தில் தொங்கியதுன்னு பாதி தெரிஞ்சிடும்.