உங்களுக்குத் தெரியுமா? கரையைக் காக்கும் கலிங்கு

கழிவு ஜலத்தை நாணலும் கோரையும் செறிந்த ஆழமற்ற குளங்களில் மெல்லத் தவழவிட்டு, அங்கே வாசம் செய்யும் நுண்ணுயிர்களைக் கொண்டே அதைச் சுத்தி செய்யும் செயற்கைச் சதுப்பு நிலங்களுக்கு, கலிபோர்னியாவில் ஆர்கேட்டா நகரம் 1986 முதல் பரிபாலித்துவரும் நிலம் பிரசித்தமான உதாரணமாகும்.

இத்தகைய நிலங்களின் ஆயுள், அவற்றைச் சூழ்ந்த மண்கரைகளின் ஸ்திரத்தைப் பொறுத்தது. களிமண்ணைப் பக்குவமான ஈரத்தில் அடுக்கடுக்காகப் பரப்பி, இறுக்கிக் கெட்டித்து, ஓரடி உயரத்துக்கு மூன்றடி அகலம் என்ற வாட்டத்தில் சரிவு அமைப்பது பொதுவான வழக்கம். மண் நாளடைவில் அமிழும் என்பதை முன்னுணர்ந்து, உச்சியைச் சற்று உயர்த்தியே கட்டுவர்.

ஆயினும், பெருமழை நாளில் ஜலம் கரையைத் தாண்டி வழியத் தொடங்கினால், அது வெளிச்சரிவின் மண்ணைக் கரைத்து, அந்தப் பள்ளத்தைப் பின்னோக்கி உச்சிவரை அறுத்துக்கொண்டு வந்து, கரையையே உடைத்துவிடக்கூடும். ஆதலால், உச்சியைவிடத் தாழ்ந்த மட்டத்தில், கூடுமானவரை கொட்டிய மண்ணைத் தவிர்த்து இயற்கையான கெட்டி நிலத்தில், கல் பாவிய வழிந்தோடி ஒன்றை அமைத்து, மிகுதி ஜலம் எவ்விடத்தில் வெளியேற வேண்டும் என்பதை முன்கூட்டியே நிர்ணயித்துவிடுகிறார்கள். நம் ஏரிகளின் கலிங்கு ஆற்றும் பணியும் இதுவே.

வட அமெரிக்காவில் கஸ்தூரி எலிகள் கரையைக் குடைந்து வளை அமைப்பதால், உட்சரிவில் கம்பி வலையோ கல்லடுக்கோ பதிப்பதுண்டு. பட்ட மரத்தின் வேர் மக்கினால் அதன் தடமே ஜலம் கசியும் மார்க்கமாகிவிடும். ஆகவே, கரைமீது மரத்தை வளரவிடாது, புல்லையே போஷிப்பது உத்தமம்.