குடியை விடும் பக்குவம்

குடியினால் நலிந்த ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் குடும்பத்தார் மருத்துவரிடம் முதன்முதலாகக் கேட்பது, “இவர் திருந்துவாரா, ஐயா?” என்பதாகும். மருத்துவரோ அதற்கு விடை கூறாமல், உடன் வந்தவர்களைச் சற்று வெளியே அமரச் சொல்லிவிட்டு, நோயாளியை நோக்கி, “உங்களுக்கு என்ன தோன்றுகிறது?” என்று கேட்கிறார். வெளியே அமர்ந்திருக்கும் மனைவிக்கும் தமையனுக்கும் இது வியப்பை அளிக்கிறது. சில வேளைகளில் சினத்தையும் மூட்டுகிறது. கண்விழித்தவர்கள் தாங்கள், கடன் அடைத்தவர்கள் தாங்கள். குடித்தவரிடம் போய் அபிப்பிராயம் கேட்பானேன் என்று எண்ணுகின்றனர். அக்கேள்வி ஏன் கேட்கப்படுகிறது, அதற்கு வரும் விடையை மருத்துவர் எவ்வாறு எடைபோடுகிறார் என்பவற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

இஃது எங்கோ யாருக்கோ உரிய துன்பம் அன்று. மத்திய அரசின் சார்பில் தில்லி எய்ம்ஸ் மருத்துவ நிலையம் நடத்தி 2019-ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பின்படி, 10 முதல் 75 வயது வரையுள்ள நம் நாட்டு மக்களில் நூற்றுக்கு 14.6 பேர் மது அருந்துபவர்கள். மதுவுக்கே அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடிப் பேர். அவர்களிலும் 38 பேரில் ஒருவரே எவ்வகையிலேனும் உதவி பெற்றதாகக் கூறியுள்ளார். மற்ற 37 பேரின் வீடுகளில் நடப்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த இடத்தில் அத்துன்பம் இன்னும் கூர்மையானது. ஊரிலே என்றால் கண்டிக்க ஒரு மாமன் இருப்பார். ஓடிச்சென்று புகலடைய ஓர் அக்காள் வீடு இருக்கும். இங்கே சுவருக்கு அப்பால் இருப்பவர் நம் மொழியே அறியாதவர்.

மருத்துவர் அளப்பவை இரண்டு என்பதை முதலில் தெளிதல் வேண்டும். ஒன்று, நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பது. இதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த ‘ஆடிட்’ என்னும் பத்துக் கேள்விகள் உள்ளன. மொத்த மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் பெற்றால் எச்சரிக்கை. இருபதும் அதற்கு மேலும் பெற்றால் அடிமைத்தனம் இருக்கக்கூடும் என்று கொண்டு விரிவாகப் பரிசோதிப்பர். மற்றது, அதை மாற்றிக்கொள்ள அவர் மனம் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்தே செல்லும் என்று நாம் நினைக்கிறோம், அவ்வாறில்லை. ஈரல் கெட்டும் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்பவர் உண்டு. வாரம் ஒருமுறை குடித்துவிட்டு, மறுநாள் தம் குழந்தையின் முகத்தைக் காண நாணி, தாமே மருத்துவமனை வாயிலில் வந்து நிற்பவரும் உண்டு.

முன்னாளில், ‘மறுப்பது குடிகாரனின் இயல்பு, அவனை அதட்டி உடைத்தால்தான் வழிக்கு வருவான்’ என்ற கருத்து வைத்தியர்களிடமே வேரூன்றியிருந்தது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் இதற்கு மாறான ஒன்றை எழுதினார். மறுப்பு என்பது குடிப்பவரின் பிறவிக்குணம் அன்று. எதிரே அமர்ந்திருப்பவர் பேசும் முறையினாலும் அது விளைகிறது என்பது அவர் துணிபு. பின்னர் ஸ்டீபன் ரோல்னிக் என்பாருடன் சேர்ந்து 1991-இல் நூலாகவும் விரித்தார். அதே காலப்பகுதியில் புரோச்சாஸ்கா, டிகிளமென்டி என்னும் இருவர், புகைபிடிப்பதைத் தாமாகவே விட்டவர்களை ஆராய்ந்து, மனமாற்றத்திற்குப் பல படிகள் உண்டென்று காட்டினர். எண்ணமே தோன்றாத நிலை, விடலாமா வேண்டாமா என்று ஊசலாடும் நிலை, நாள் குறித்து ஆயத்தமாகும் நிலை, விட்டுவிட்ட நிலை, விட்டதைக் காத்துவரும் நிலை. வழுக்கி விழுதலும் இவ்வழியில் உண்டு. விழுந்தவர் மறுபடியும் முதற்படியிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற விதி இல்லை.

இப்படிகளில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்று காணப் பல வினாத்தாள்கள் உண்டு. அவற்றுள் மில்லரும் டோனிகனும் 1996-இல் செம்மைப்படுத்திய 19 வினாக்கள் கொண்ட ஒன்றின் பெயர் ‘சாக்ரடீஸ்’. கிரேக்க ஞானிக்கும் இதற்கும் தொடர்பில்லை. நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவ்வாறு அமைந்தன. ஆயினும் கேள்வி கேட்டே பிறரைத் தெளியவைத்தவர் பெயர் இதற்கு வாய்த்தது பொருத்தமே. இத்தாள் மூன்றைப் பிரித்தறிகிறது. குடி தமக்குத் தீங்காகிவிட்டது என்று உணர்கிறாரா? அளவு மீறிவிட்டோமோ என்று ஐயுறுகிறாரா? மாற்றத்திற்கென்று ஏதேனும் செய்யத் தொடங்கியிருக்கிறாரா? இம்மூன்றில் நடுவிலுள்ளதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஐயம் குறைவாக இருந்தால், அவர் அதைப்பற்றி நினைத்ததே இல்லை என்றும் கொள்ளலாம். ஐயமெல்லாம் தீர்ந்து முடிவுக்கு வந்துவிட்டார் என்றும் கொள்ளலாம். மற்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலன்றி இன்னதென்று கூற இயலாது. ஆகவே, ஏதோ ஒரு மதிப்பெண்ணைக் காகிதத்தில் கண்டு குடும்பத்தார் மகிழ்வதோ, மனமொடிவதோ ஆகாது.

தாளைவிட எளியது, எண்களிட்ட ஒரு கோடு. எண்ணத் தெரிந்தவர் எவருக்கும் அது போதும். கற்பனையாக ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். தாராவியில் வாழும் திருநெல்வேலிக்காரர் ஒருவர், நாற்பத்தைந்து வயதினர். ஆலோசகர் இளைஞர், தமிழ் தெரிந்தவர்.

“அண்ணாச்சி, குடியை விடுவது உங்களுக்கு இப்போது எவ்வளவு முக்கியம்? அறவே இல்லை என்றால் 0. இதைவிட வேறில்லை என்றால் 10.”

“ஒரு 4 போடுங்க தம்பி.”

“சரி. 1 என்று சொல்லாமல் 4 என்றீர்களே, ஏன்?”

அண்ணாச்சி சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “மூத்தவ பத்தாவது படிக்கிறா. நான் வர்ற சத்தம் கேட்டாப் புத்தகத்தை மூடிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுறா” என்றார.

இக்கேள்வியின் நுட்பம் இங்கேதான் உள்ளது. ‘ஏன் 8 இல்லை?’ என்று கேட்டிருந்தால் உடம்புவலி, வேலைக் களைப்பு, கூட்டாளிகள் என்று குடிக்குரிய காரணங்களை அவர் அடுக்கியிருப்பார்; அடுக்க அடுக்க அவையே அவருக்கு உறுதிப்பட்டுமிருக்கும். ‘ஏன் 1 இல்லை?’ என்றபோது, விடுவதற்குரிய காரணத்தை அவர் வாயே சொல்லிற்று. அதே சொல்லை மனைவி நூறுமுறை சொல்லியிருப்பாள். பிறர் சொன்னபோது குற்றச்சாட்டாக ஒலித்தது, தாமே சொன்னபோது தம் எண்ணமாகிவிடுகிறது.

அடுத்து மற்றொரு கோடு: “விட வேண்டும் என்று தீர்மானித்தால் உங்களால் முடியும் என்ற நம்பிக்கை எவ்வளவு?” முக்கியம் 9 என்று சொன்னவரே நம்பிக்கை 2 என்பார். குடும்பத்தை ஊரில் விட்டு, ஓர் அறையில் நால்வராகத் தங்கி, சம்பள நாளன்று மூவர் புட்டி வாங்கிவரும் இடத்தில் வாழ்பவருக்கு வேறு எண் எங்ஙனம் வரும்? அவருக்குக் குடியின் தீமையை மேலும் எடுத்துரைத்தல் வீண். அறையை மாற்றித் தருவதே அவருக்குரிய சிகிச்சையின் முதற்பகுதி. அறிவுரை வேண்டுபவர் யார், உதவி வேண்டுபவர் யார் என்று இவ்விரு கோடுகள் பிரித்துக் காட்டிவிடுகின்றன.

எப்போது கேட்பது என்பதும் முக்கியம். போதையில் இருப்பவர் சொல்லும் சத்தியத்திற்கு உள்ள மதிப்பை நாம் அறிவோம். ஆனால் குடியை நிறுத்திய முதற் சில நாள்களில் சொல்வதற்கும் அதே மதிப்புத்தான். அப்போது கை நடுங்கும், உறக்கம் இராது, நினைவு தடுமாறும். எதைக் கேட்டாலும் ‘ஆம்’ என்று தலையசைப்பார். உடல் தேறியபின் அளந்ததே அளவு. இங்கு ஓர் எச்சரிக்கையையும் கூறிவிட வேண்டும். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் இரண்டு நாள்களில் வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சித்தப்பிரமை கண்டு, இல்லாத உருவங்களைக் கண்டதாக அலறுவதும் உண்டு. ‘அறையில் பூட்டி வைத்தோம்’ என்று பெருமை பேசுபவர்கள் இதனை அறிதல் வேண்டும். நிறுத்துவது மருத்துவர் மேற்பார்வையில் நிகழட்டும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். தில்லியிலோ கொல்கத்தாவிலோ அரசு மருத்துவமனையில் ஆலோசகர் இந்தியிலோ வங்காளியிலோ கேட்பார். கடைவீதிக்குப் போதுமான இந்தி நமக்குண்டு. ஆனால் நாணத்தையும் அச்சத்தையும் சொல்ல அது போதாது. உடனே பள்ளியில் இந்தி படித்த பத்து வயது மகனை மொழிபெயர்க்க நிறுத்துகிறார்கள். “உன் அப்பா உன் அம்மாவை அடித்ததுண்டா என்று கேள்” என்று ஆலோசகர் சொல்ல, அச்சிறுவன் தகப்பனாரின் முகத்தைப் பார்த்து அதைத் தமிழில் கேட்க வேண்டியிருக்கிறது. இதைவிடக் கொடுமை உண்டோ? மனைவியை நிறுத்தினாலும் விடை மெய்யாக வராது. உறவினர் அல்லாத, வாயடக்கமுள்ள தமிழர் ஒருவர் உடன்செல்வதே முறை. நம்மைப் போன்ற சங்கங்கள் செய்யத்தக்க பணிகளுள், ஆண்டு விழாவைவிட இது சிறியதன்று என்பது நம் கருத்து. 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ தொலைபேசிச் சேவையில் (எண் 14416) தமிழிலும் பேசலாம். போதைப் பழக்கங்களுக்கென்றே உள்ள தேசிய உதவி எண் 14446.

குடும்பத்தார் செய்யும் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்வோம். அவருக்குத் தெரியாமல் காப்பியிலும் குழம்பிலும் கலக்கும் மாத்திரை. ‘டைசல்பிராம்’ என்னும் இம்மருந்தின் குணத்தை டென்மார்க்கு நாட்டார் 1948-இல் வெளியிட்டனர். இது உடலில் இருக்கையில் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் வீழும். சிலருக்கு உயிரும் போகலாம். கடைசி மாத்திரைக்குப் பின் இரண்டு வாரம் வரையிலும் இதன் வேகம் நிற்கக்கூடும். தாமே இசைந்து, விளைவறிந்து உண்பவருக்கு இது காவல். அறியாமல் உண்பவருக்கு நஞ்சு. ஓரளவு கனிந்துவந்த மனமும், வீட்டுச் சோற்றில் வஞ்சனை இருந்தது என்று தெரிந்த அன்றே மூடிக்கொள்ளும்.

பக்குவம் வரட்டும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா? கூடாது. அமெரிக்காவில் 1,726 பேரைக் கொண்டு நடந்து 1997-இல் வெளியான ‘பிராஜெக்ட் மேட்ச்’ ஆராய்ச்சியில், மனத்தைக் கனியவைக்கும் நான்கே சந்திப்புகள், பன்னிரண்டு சந்திப்புகள் கொண்ட மற்ற முறைகளுக்கு ஏறத்தாழ ஈடாக நின்றன. மிகுந்த சினத்தோடு வந்தவர்களுக்கு அந்நான்கே கூடுதலாகப் பயன்பட்டன. நம் நாட்டில், கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடம் நடந்து, 2017-ஆம் ஆண்டு ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வும் உண்டு. அங்கே பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மக்களே. ஒன்று முதல் நான்கு சந்திப்புகள். மூன்று மாதம் கழித்து, அவ்வாலோசனை பெற்றவர்களில் நூற்றுக்கு 36 பேர் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்தனர். பெறாதவர்களில் 26 பேர். பெருவெற்றி என்று நாம் முரசறையவில்லை. நூற்றில் பத்து வீடுகள் என்றே எண்ணிப் பார்க்கிறோம்.

படிகள் என்ற கொள்கையையே ஏற்காத அறிஞரும் உளர். இங்கிலாந்தின் ராபர்ட் வெஸ்ட், மனிதர் மாடிப்படி ஏறுவதுபோல் மாறுவதில்லை, எவ்வித ஆயத்தமும் இன்றித் திடீரென விட்டவர் பலர் என்று 2005-இல் கடுமையாக எழுதினார். அவர் கூற்றில் உண்மை உண்டு என்றே நமக்குப் படுகிறது. ஆதலின் அளவுகோல் என்பது இன்றைக்கு எப்படிப் பேசத் தொடங்குவது என்று காட்டும் கருவியேயன்றி, தேறுவார் தேறார் என்று எழுதும் ஜாதகம் அன்று.

பெங்களூரில் நிமான்ஸ் நிலையமும், தில்லியை அடுத்த காஜியாபாத்தில் எய்ம்ஸின் மையமும், 1986-இல் தொடங்கிய புணேயின் முக்தாங்கணும், ஊருக்கே சென்று சிகிச்சை பெற விரும்புவோர்க்குச் சென்னையில் 1980-இல் தோன்றிய டி. டி. ரங்கநாதன் நிலையமும் உள்ளன. கைகால் கட்டித் தூக்கிச்செல்லும் இடங்களை நாடற்க. 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் குடிநோயாளிக்கும் உரிமை அளிக்கிறது.

சிகிச்சை முடிந்தபின் நம்மவர்க்குரிய தனிச்சோதனை ஒன்று உண்டு. அது ஊர்ப் பயணம். ஆறுமாதம் தொடாதவர் கோயில் கொடைக்கோ, தங்கை திருமணத்திற்கோ ரயிலேறுகிறார். பழைய தோழர் நிலையத்திலேயே காத்திருக்கின்றனர். புறப்படுமுன் ஒருமுறை ஆலோசகரைக் கண்டு, முதல் நாள் இரவு எங்கே தங்குவது, யாரோடு வெளியே செல்வது, “ஒரு மடக்கு” என்று நீட்டும் மைத்துனனுக்கு என்ன சொல்வது என்பவற்றை அவர் வாயாலேயே சொல்லச் செய்வது வழக்கமாக வேண்டும். திரும்பிய வாரத்தில் அதே இரு கோடுகளையும் மீண்டும் வரைந்து கேட்பார்கள். முன்பு 8 என்றிருந்த நம்பிக்கை 5 ஆகியிருந்தால், வீட்டார் அதைக் கேட்டு முகம் சுளிக்காமல் இருப்பார்களானால், ஊரில் என்ன நடந்தது என்பதை அவர் அன்றைக்கே சொல்லிவிடக்கூடும்.