படிவத்தில் இருக்கும் அந்தப் பெயர்

"மகளின் பேறுகால உதவிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்று பெயர். அந்த அம்மா யார்?" என்று நார்த்தாமலை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். (கர்ப்பம் உறுதியானதுமே கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து எண் வாங்கிவிடுங்கள். தாமதித்தால் தவணை இழுபறியாகும்.)

அந்த அம்மா உங்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தந்தை நாராயணசாமி அய்யர், மகாராஜா கல்லூரி முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பம். பையன்கள் மட்டுமே படித்த அந்தக் கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுக்கச் சொன்னார். அங்கிருந்து சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய், 1912-ல் டாக்டராகி, எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார்.

பிறகு சென்னை மாகாணச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியச் சட்டசபைகளில் முதல் பெண் உறுப்பினர் இவர்தான். 1927-ல் சபை இவரையே துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தது. டாக்டர் புத்தி அங்கேயும் போகவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது, அவர் நிலத்தில் கைவைத்த விதம். கோயிலுக்குப் பொட்டுக்கட்டிய பெண்களின் குடும்பத்துக்கு மானிய நிலம் உண்டு. ஊழியம் செய்யும்வரைதான் அந்த விளைச்சல். ஊழியம் நின்றால் நிலமும் போகும். ஆகவே அடுத்த தலைமுறையிலும் ஒரு பெண்பிள்ளைக்குப் பொட்டுக்கட்டியாக வேண்டும். வெறுமனே தடை போட்டிருந்தால் அந்தக் குடும்பங்கள் தெருவுக்கு வந்திருக்கும். 1929-ல் அவர் நிறைவேற்றிய சட்டம் ஊழியத்தையும் நிலத்தையும் பிரித்தது. பெண்ணுக்கு ஊழியம் இல்லை, நிலம் அவளிடமே இருக்கும், அரசுக்குத் தீர்வை கட்டினால் போதும். நோய்க்கு வேர் எது என்று பார்த்துச் செய்த வைத்தியம் இது.

எதிர்ப்பு பலமாக இருந்தது. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிகளே எதிர்த்தார்கள். கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்ற அவர்கள் பயத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. பொட்டுக்கட்டுவதை அடியோடு தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

இதில் ஒரு விசித்திரம், 1929 சட்டம் அவர் பிறந்த புதுக்கோட்டைக்குச் செல்லாது. சமஸ்தானம் மாகாணத்தில் சேரவில்லையே! அது 1948-ல்தான் இணைந்தது.

காந்தி கைதானதும் 1930-ல் பதவியை உதறினார். போக்கிடமில்லாத பெண்களுக்காக அதே ஆண்டு அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் அவரை விடவில்லை. பல ஆண்டுகள் பணம் திரட்டி அலைந்த பிறகு, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. 1968-ல், 81 வயதில் காலமானார்.