ஆட்கொணர்வு மனுவுக்கு முன் எழுத வேண்டிய தாள்

2021 நவம்பர் 2 அன்று வெளியான த.செ. ஞானவேலின் ‘ஜெய் பீம்’ திரைப்படத்துக்குப் பிறகு, ‘ஆட்கொணர்வு மனு’ என்ற சொல் சட்டம் படிக்காத வீடுகளிலும் புழங்கத் தொடங்கியிருக்கிறது. சட்டத்துக்குப் புறம்பாக அடைத்து வைக்கப்பட்ட ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தும்படி, அரசமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தையோ 32ஆம் பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தையோ கோரும் மனு இது. சொல் பரவிய அளவுக்கு அதைப் பயன்படுத்தும் முறை பரவவில்லை. புதுச்சேரியில் ஒருவர் காவல்துறையால் அழைத்துச் செல்லப்பட்டால், குடும்பத்தார் ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு அலைந்து, வாய்ப்பேச்சாகவே விசாரித்து, மூன்று நான்கு நாள்களை இழந்த பிறகே வழக்கறிஞரிடம் வருகின்றனர். அப்போது அவர்கள் கையில் ஒரு துண்டுத்தாள்கூட இருப்பதில்லை.

படத்துக்கு மூலமான 1993ஆம் ஆண்டு வழக்கில், அன்றைய வழக்கறிஞரும் பிற்கால நீதிபதியுமான கே. சந்துரு, கம்மாபுரம் காவல் நிலையத்தில் அடைக்கப்பட்டவரின் மனைவிக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். ஆள் தப்பியோடிவிட்டதாகக் காவல்துறை சொல்லிக்கொண்டிருக்க, அவருடைய உடல் அடுத்த மாவட்டத்தில் அடையாளம் தெரியாத சடலமாகக் கிடந்தது. ஒரு மாவட்ட எல்லையைத் தாண்டியதுமே ஒரு மனிதர் பதிவேடுகளில் காணாமல் போக முடிந்தது என்பதே புதுச்சேரி மக்கள் அந்த வழக்கிலிருந்து கவனிக்க வேண்டிய செய்தி. முத்தியால்பேட்டையைத் தாண்டினால் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டம். தெற்கே சென்றால் கடலூர் மாவட்டம். பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற துண்டு துண்டான எல்லைகளால், இங்கே ஒருவரை வேறு மாநிலக் காவல்துறையின் அதிகாரத்துக்குள் கொண்டுசெல்லச் சில நிமிடங்கள் போதும்.

இந்த எல்லைக் குழப்பத்துக்கு நடுவே ஒரு வசதியும் உண்டு. 1962 முதல் புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்பட்டிருப்பதால், அழைத்துச் சென்றது எந்தக் காவல்துறை என்று உறுதியாகத் தெரியாத நிலையில், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இரண்டின் காவல் அதிகாரிகளையும் ஒரே மனுவில் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கலாம். கடலூர் சாலையில் உள்ள ஒருங்கிணைந்த நீதிமன்ற வளாகத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்ய முடியாது. அதற்குச் சென்னைக்கே செல்ல வேண்டும். ஆனால், பலர் அறியாத வேறொரு வழி உள்ளூரிலேயே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா எனப்படும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது) 100ஆம் பிரிவு, ஒருவர் குற்றமாகும் வகையில் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், அவரைத் தேடி மீட்க ஆணை பிறப்பிக்கும் அதிகாரத்தை முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கும் வழங்குகிறது. சென்னைக்குச் செல்ல ஏற்பாடு செய்துகொண்டிருக்கும்போதே இந்த மனுவையும் உள்ளூரில் கொடுக்கலாம்.

எந்த நீதிமன்றமானாலும் முதலில் கேட்பது நாளையும் நேரத்தையும்தான். ஆகவே முதல் இரவிலேயே ஒரு தாளில் எழுத வேண்டியவை: அழைத்துச் செல்லப்பட்டவரின் பெயர், வயது, உடல்நிலை, உட்கொள்ளும் மருந்து, அழைத்துச் சென்ற இடம், நாள், மணி, வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, பெயர்ப்பட்டை இருந்ததா, வாகன எண் என்ன, பார்த்தவர்கள் யார். முன்பெல்லாம் இத்தகைய நேரத்தில் ‘உடனே தந்தி அடி’ என்பார்கள். அனுப்பிய நேரம் தந்தி அலுவலகத்தில் பதிவாகும் என்பதால் அது வலுவான சான்றாக நின்றது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நிறுத்தப்பட்ட பின், அந்தப் பழக்கத்தின் இடத்தை வேறெதுவும் பிடிக்கவில்லை. தொலைபேசியில் கெஞ்சிப் பேசியதற்குச் சான்று கிடையாது. அதே தாளின் உள்ளடக்கத்தைக் காவல் கண்காணிப்பாளருக்கும் நீதித்துறை நடுவருக்கும் மின்னஞ்சலில் அனுப்பி, மறுநாள் காலை விரைவு அஞ்சலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும். நேரத்தை எழுத வேண்டும். மறந்துவிடும் என்பதற்காக மட்டுமன்று, கைதின் நேரத்தைப் பின்னால் தள்ளி எழுதும் வழக்கம் காவல் நிலையங்களில் இன்னும் ஒழியவில்லை என்பதற்காகவும்.

அந்தத் தள்ளலுக்குக் காரணம் 24 மணி நேர வரம்பு. கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசமைப்பின் 22ஆம் பிரிவு. கைதின்போதே நேரமும் நாளும் குறித்த கைதுக் குறிப்பாணை எழுதி, அதில் குடும்பத்தாரோ அப்பகுதியின் மதிப்பிற்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. அது இன்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவாகவே ஆகிவிட்டது. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றச்சாட்டின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வெளிப்படையாக வைக்க வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. கைதுக்கான காரணங்களை, கைதானவருக்குப் புரியும் மொழியில், எழுத்து வடிவில் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. ‘சும்மா விசாரணைக்குத்தான்’ என்ற வாய்மொழி பதில் இவற்றில் எதற்கும் ஈடாகாது. 60 வயதைக் கடந்தவர்களையும் பெண்களையும் சாட்சி விசாரணைக்காக அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் சட்டம்தான்.

ஆட்கொணர்வு மனு வீணாகும் இடங்களும் உண்டு. நடுவர் முறைப்படி காவலில் வைக்க (ரிமாண்டு) உத்தரவிட்ட பிறகு, அந்த உத்தரவே அப்பட்டமாகச் சட்டவிரோதமானதாக இருந்தாலன்றி, இம்மனு பெரும்பாலும் நிலைக்காது. அப்போது தேவை ஜாமீன் மனு. வீட்டைவிட்டுப் போனவரைத் தேடவும் இது ஏற்ற வழியன்று. அதற்குக் காணாமல் போனவர் பற்றிய புகாரும் முதல் தகவல் அறிக்கையும் வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் செலவு செய்து சென்னைக்குப் போய்த் திரும்புவோர் குறையவில்லை.

பணமில்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு, வருமானம் எவ்வளவாயினும், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் உண்டு. 15100 என்ற எண்ணிலோ, புதுச்சேரி யூனியன் பிரதேசச் சட்டப் பணிகள் ஆணையத்திலோ கேட்கலாம். சென்னையில் தாக்கல் செய்யவும் உதவி கேட்க வேண்டும், அதைச் சட்ட உதவி கோரும் மனுவில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும்.

ஆள் வீடு திரும்பிவிட்டதும் தாள்களைக் கிழித்தெறிவது கடைசியாக நிகழும் பிழை. அடிபட்டிருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, அடித்தது யார் என்பதைச் சொல்லி, காயக் குறிப்பைப் பெற வேண்டும். காவல் நிலையங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை 18 மாதங்கள் சேமிக்க வேண்டும், அவ்வளவு காலம் சேமிக்கும் கருவி கிடைக்காவிட்டால் ஓராண்டுக்குக் குறையாமல் சேமிக்க வேண்டும் என்று 2020 டிசம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருக்கிறது. கேமரா பழுது என்ற பதில் வரக்கூடும். அதனால்தான் அந்த நாளின் பதிவை அழிக்காமல் வைக்கக் கோரும் கடிதத்தை, நாளையும் மணியையும் குறிப்பிட்டு, முதல் வாரத்திலேயே விரைவு அஞ்சலில் அனுப்ப வேண்டும். புகார் செய்வதையும் தள்ளிப்போடக் கூடாது: தேசிய மனித உரிமை ஆணையம் நிகழ்வு நடந்து ஓராண்டு கடந்த புகாரை விசாரிக்காது. அந்த ஓராண்டு நிகழ்வு நாளிலிருந்தே எண்ணப்படும்.